பூனைக் காதில் கறுப்பு அழுக்கு: காதுப் பூச்சியைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் வழி

தலையைத் திரும்பத் திரும்ப உதறுகிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னங்காலால் காதைப் பிறாண்டுகிறது. காது மடலுக்குப் பின்னால் முடி உதிர்ந்து தோல் சிவந்து கிடக்கிறது. வீட்டுப் பூனையோ மீன் ஏலக்கூடத்தில் சுற்றும் தெருப் பூனையோ, இப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காதுப் பூச்சியை. மருத்துவர்கள் ‘இயர் மைட்’ என்பார்கள். அறிவியல் பெயர் ஓட்டோடெக்டெஸ் சைனோட்டிஸ். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கடற்கரை நெடுக, மீன் வந்து இறங்கும் இடமெல்லாம் பூனைகள் கூட்டமாகத்தான் வாழ்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று படுத்து, ஒன்றின் தலையை இன்னொன்று நக்கிவிட்டு வாழும் இடத்தில் இந்தப் பூச்சி பரவுவதற்குத் தடையே இல்லை.

புதிதாகப் பூனை வளர்க்கத் தொடங்கியவர்களுக்கும், தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கத் தொடங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். காதுப் பூச்சிக்கு நல்ல மருந்து இருக்கிறது, முழுதாகத் தீரும். அப்படியும் வருடக்கணக்கில் அதே பூனைகள் அதே காதைப் பிறாண்டிக்கொண்டிருக்கக் காரணம், அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். ஒரு பூனைக்கு மட்டும் பார்த்துவிட்டு, அதோடு சேர்ந்து படுப்பவற்றை விட்டுவிடுகிறோம்.

மூன்று வாரக் கணக்கு

இந்தப் பூச்சி ரத்தம் உறிஞ்சும் உண்ணி அல்ல. காதுக் குழாயின் தோல்மேல் நடமாடி, அங்கே கழியும் தோல் செதிலையும் கசியும் நீரையும் தின்று வாழ்வது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முட்டை ஏறக்குறைய நான்கு நாளில் பொரிக்கும். அதிலிருந்து வளர்ந்து, தானே முட்டையிடும் பூச்சியாக ஆகச் சுமார் மூன்று வாரம். வளர்ந்த பூச்சி இரண்டு மாதம் வரை உயிரோடு இருக்கும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இன்று காதைத் துடைத்துச் சுத்தம் செய்கிறீர்கள். அழுக்கோடு பூச்சியும் கொஞ்சம் வெளியே வந்துவிடும், பூனை இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் முட்டைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூன்றாவது வாரம் பழைய கதை தொடங்கும். பல மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை, ஆகவேதான் மருத்துவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்கிறார். அந்த இரண்டாம் முறையைத் தவறவிட்டால் முதல் முறை செய்த செலவும் வீண்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பூச்சி காதுக்குள் மட்டும் இருப்பதில்லை. பூனை சுருண்டு படுக்கும்போது வாலும் காதும் பக்கத்தில் வந்துவிடும். தலை, கழுத்து, வால் நுனி வரை பூச்சி நடந்து போயிருக்கும். காதுக்குள் மட்டும் சொட்டு விடுவதால் சில சமயம் தீராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காதைப் பார்ப்பது எப்படி

பூனையைப் பகல் வெளிச்சத்தில், அது சோம்பியிருக்கும் நேரத்தில் பாருங்கள். மடியில் வைத்துக் காது மடலின் நுனியை மெல்லப் பின்பக்கம் மடக்கினால் உட்புறம் தெரியும். ஆரோக்கியமான காது வெளிறிய இளஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட சுத்தமாக இருக்கும். கொஞ்சம் மஞ்சள் மெழுகு இருந்தால் தவறில்லை. காதுப் பூச்சி இருந்தால், காபி வடிகட்டியில் தங்கும் தூள்போல, கரும்பழுப்பாக, உதிரி உதிரியாக அழுக்கு அடைந்திருக்கும். பெரும்பாலும் இரண்டு காதிலும் இருக்கும். குட்டிகளிடம் அதிகம் பார்க்கலாம், ஏனென்றால் தாயிடமிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது.

காதின் அடிப்பகுதியை விரலால் இதமாகத் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே தூக்கிக்கொண்டு காற்றில் பிறாண்ட ஆரம்பித்தால், காதில் கடும் அரிப்பு இருக்கிறது என்று அர்த்தம். இது பூச்சியை மட்டும் காட்டும் சோதனை இல்லை, ஆனால் சந்தேகத்தை நன்றாகக் கூட்டும்.

அடுத்தது கறுப்புக் காகிதச் சோதனை. மண்டபம் பக்கம் மீன் விற்கும் அக்கா ஒருவர், “கடக்கரை மண்ணு காதுக்குள்ள போயிருச்சு தம்பி, தலைய ஆட்டிக்கிட்டே கெடக்கு. வேப்பெண்ணெய் ஊத்திரவா?” என்று கேட்டார். “ஊத்தாதீங்கக்கா, மொதல்ல என்னான்னு பாப்போம்” என்று, அவர் பிள்ளையின் கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரு துண்டு வாங்கி, காது வாயிலில் இருந்த அழுக்கைப் பஞ்சால் எடுத்து அதன்மேல் உதிர்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை வெயில் படும் இடத்தில் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, ஊசி முனையைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் அழுக்குக் குவியலை விட்டு மெல்ல நகர்ந்து வெளியே வந்தன. அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, “உசுரோட போகுதே!” என்று பதறிப்போனார். கடல் மண் என்றால் வெளிர் நிறத்தில், நறநறவென்று இருக்கும், நகராது. பூதக்கண்ணாடி இல்லாதவர்கள் கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். அசைவு தெரிந்தால் பூச்சி உறுதி. தெரியாவிட்டால் பூச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பிலோ, அழுக்கை ஒரு சொட்டு எண்ணெயில் கரைத்து நுண்ணோக்கியிலோ பார்த்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பூனையைக் கொண்டுபோகவே முடியாது என்றால், அழுக்கு எடுத்த பஞ்சை ஒரு சின்ன டப்பாவில் இறுக மூடி அன்றைக்கே கொண்டு போங்கள். ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். கால்நடை மருந்தகத்துக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. மாடு, ஆடு பார்க்க மருத்துவர் பிற்பகலில் ஊர்ப்பக்கம் கிளம்பியிருக்கலாம்.

காதுப் பூச்சி என்று தவறாக நினைக்கக் கூடியவை

நாற்றத்தோடு மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால் அது பாக்டீரியா. ஈரமாக, பழுப்பாக, புளித்த வாடையோடு இருந்தால் ஈஸ்ட் எனும் பூஞ்சையாக இருக்கலாம். பூச்சி தொடங்கிவைத்த புண்ணில் இவை இரண்டும் பின்னால் வந்து குடியேறுவதும் உண்டு, அப்போது பூச்சி செத்த பிறகும் காது ஆறாது, தனி மருந்து வேண்டும். வயதான பூனைக்கு ஒரு காதில் மட்டும் வெகுநாள் தொல்லை என்றால் உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காதின் உள்ளே சுத்தமாக இருந்து, மடல் விளிம்பிலும் நெற்றியிலும் சாம்பல் நிறத்தில் தடிப்பான பக்கு கட்டியிருந்தால் அது வேறொரு சொறிப் பூச்சி. நம் தெருப் பூனைகளிடம் நிறையப் பார்க்கிறோம். அதைத் தூக்கிக் கொஞ்சுபவர்களுக்கும் கையில் சில நாள் அரிப்பு வரும். அதற்கும் மருத்துவரிடம் மருந்து உண்டு.

கடற்கரையில் வாழும் நாம் தனியாகக் கவனிக்க வேண்டியது வெள்ளைப் பூனைகளை. வெயிலில் மல்லாந்து கிடக்கும் வெள்ளைப் பூனைக்குக் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத புண்ணும் பொருக்கும் இருந்தால், அது வெயிலால் வரும் தோல் புற்றுநோயாக இருக்கலாம். எண்ணெய் தடவிக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது. சீக்கிரம் பார்த்தால் மடலை மட்டும் வெட்டியெடுத்துக் காப்பாற்றலாம்.

காது மடல் பலூனாக வீங்கி மெத்தென்று இருந்தால், உதறி உதறி உள்ளே ரத்தக் குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருக்கிறது. ஊசியால் குத்திவிடும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது.

தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால், நடை தள்ளாடினால், கண்மணி பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தால் செவிப்பறை தாண்டி உள்காது பாதித்திருக்கிறது. அந்தப் பூனையின் காதில் எதையும், சுத்தம் செய்யும் எண்ணெயைக்கூட, விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

எதை ஊற்றக் கூடாது

மருந்தைச் சொல்லும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காதுப் பூச்சியால் பூனை செத்ததைவிட, அதற்கென்று ஊற்றிய எதனாலோ செத்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய், டெட்டால் மாதிரியான கிருமிநாசினி, மூட்டைப்பூச்சி மருந்து, சுருட்டுத் தண்ணீர் எதுவும் வேண்டாம். பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்கிவிடும். அதன் கல்லீரலால் நாய்க்கும் மனிதனுக்கும் ஒத்துப்போகும் பல பொருள்களைச் செரித்து வெளியேற்ற முடியாது.

நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின், அமிட்ராஸ் என்ற பெயர்கள் இருக்கும். இரண்டும் பூனைக்கு விஷம். பெர்மெத்ரின் பட்ட பூனைக்கு உடம்பு நடுங்கி வலிப்பு வரும். வீட்டில் நாய்க்கு அந்த மருந்து போட்டிருந்தால், காயும் வரை பூனையை அதன் பக்கம் அண்டவிடக் கூடாது. மருந்துக்கடையில் “நாய்க்கும் பூனைக்கும் ஒண்ணுதான் சார்” என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அட்டையில் பூனைப் படம் இருக்கிறதா, மருந்தின் பெயர் என்ன என்று படித்துப் பாருங்கள்.

ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடு மாடுகளுக்குப் போடும் அந்த மருந்து ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. மருத்துவர்களும் பூனையின் காதுப் பூச்சிக்கு அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கும் ஊசி அது. 3 கிலோ பூனைக்கு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 0.06 மில்லிதான் வரும். சாதாரண சிரிஞ்சில் அந்த அளவைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. கொஞ்சம் கை கூடினாலும் பல மடங்கு போய்விடும். குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கண் பாப்பா விரிந்து, பார்வை மங்கி, தள்ளாடி, மயங்கிவிடும், மாற்று மருந்தும் கிடையாது. ஆட்டுக்குப் போடுபவரிடம் “பூனைக்கும் ஒண்ணு குத்திவிடுங்கண்ணே” என்று கேட்காதீர்கள்.

மருந்து

பிடரியில் விடும் சொட்டு மருந்துதான் இன்றைக்கு எளிதானது, பாதுகாப்பானது. செலாமெக்டின் என்பது ஒரு வகை. கிலோவுக்குக் குறைந்தது 6 மில்லிகிராம் கணக்கில், 2.5 கிலோ வரையுள்ள பூனைக்கு 15 மில்லிகிராம் குப்பியும், அதற்கு மேல் 7.5 கிலோ வரை 45 மில்லிகிராம் குப்பியும் வருகிறது. 8 வாரம் ஆகாத குட்டிக்குக் கூடாது. இமிடாக்ளோபிரிட்டும் மாக்ஸிடெக்டினும் சேர்ந்த இன்னொரு சொட்டு மருந்து 9 வாரம் தாண்டிய, ஒரு கிலோவுக்கு மேலுள்ள பூனைக்கு. தோல் வழியாக உடம்புக்குள் போய்க் காதுவரை சேர்வதால், காதைத் தொடவிடாத பூனைக்கும் போடலாம். வாலில் ஒளிந்திருக்கும் பூச்சியும் தப்பாது. எது, எத்தனை முறை என்பதை மருத்துவர் சொல்லட்டும். சினைப் பூனை, பாலூட்டும் தாய் என்றால் மறக்காமல் அதையும் சொல்லுங்கள்.

எடை தெரிந்தால்தான் அளவு சரியாக இருக்கும். பூனையை ஒரு கட்டைப்பைக்குள் உட்காரவைத்து, தொங்கவிட்டுப் பார்க்கும் கைத்தராசில் மாட்டினால் அரை நிமிடத்தில் எடை தெரிந்துவிடும். பையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போடும்போது கழுத்தின் பின்புறம், தலையை ஒட்டி, நாக்கு எட்டாத இடத்தில் முடியை இரண்டாக வகுந்து வெள்ளைத் தோல் தெரிய வேண்டும். குப்பி முனையைத் தோலில் வைத்து முழுதும் அழுத்துங்கள். முடியின்மேல் விட்டால் மருந்து அங்கேயே காய்ந்துபோகும். இரண்டு பூனைகள் ஒன்றையொன்று நக்கும் என்றால் காயும் வரை பிரித்து வையுங்கள்.

காதைச் சுத்தம் செய்வது

அழுக்கு நிறைய அடைந்திருந்தால், மருந்தோடு சேர்த்து வாரம் இரண்டு முறை சுத்தம் செய்தால் பூனைக்கு அரிப்பு சீக்கிரம் குறையும். காதில் விடும் சொட்டு மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் சுத்தம் செய்த பிறகுதான் அது உள்ளே போகும்.

மருத்துவர் தரும் காது கழுவும் திரவம், இல்லாவிட்டால் மருந்துக்கடை லிக்விட் பாரஃபின், அதுவும் இல்லாவிட்டால் சுத்தமான தேங்காய் எண்ணெய். கையில் ஊற்றினால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. குளிர்ந்த எண்ணெய் காதில் விழுந்தால் பூனைக்குத் தலை சுற்றும். ஒரு பழைய கைலியை விரித்து, பூனையை நடுவில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி இறுக்காமல் சுற்றுங்கள். துண்டைவிடக் கைலி நல்லது, நகம் வெளியே வர இடம் கிடைக்காது. ஒருவர் பிடிக்க, இன்னொருவர் மூன்று நான்கு சொட்டு விட்டு, காதின் அடியைப் பிசைய வேண்டும். ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்கும். அரை நிமிடம் கழித்து விட்டுவிடுங்கள், தலையை ஓங்கி உதறும், அழுக்கு மேலே வரும். உங்கள் சட்டையிலும் வரும். மேலே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள்.

பட்ஸ் குச்சியை உள்ளே நுழைக்காதீர்கள். பூனையின் காதுக் குழாய் ‘ட’ வடிவத்தில் முதலில் கீழே இறங்கிப் பிறகு உள்ளே திரும்புகிறது. குச்சி அந்தத் திருப்பத்தில் அழுக்கை அடைத்துவிடும். பூனை திமிறினால் செவிப்பறை கிழியும். விரல் போகும் தூரம் போதும்.

மருந்தே கிடைக்காத இடத்தில் எண்ணெய் மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். எண்ணெய் பூச்சியை மூச்சுத் திணறச் செய்யும், உண்மைதான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் செய்ய வேண்டும், காதுக்கு வெளியே இருப்பது தப்பித்துவிடும். மருந்து வாங்கும் வரை ஆறுதலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் ஒரே நாளில்

வீட்டில் நான்கு பூனை இருந்து ஒன்றுதான் காதைப் பிறாண்டுகிறது என்றாலும் நான்குக்கும் அன்றைக்கே மருந்து போட வேண்டும். காதில் பூச்சி இருந்தும் அரிப்பே காட்டாத பூனைகள் உண்டு. இதே பூச்சி நாய்க்கும் வரும்; கூடப் படுக்கும் நாய் இருந்தால் நாய்க்குரிய மருந்தை அதற்கும் கேட்டு வாங்குங்கள். மனிதர்களிடம் இது தங்குவதில்லை, எப்போதாவது கையில் சிறு தடிப்பு வந்து போகும், அவ்வளவுதான்.

படுக்கும் சாக்கு, துணி, சீப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி நம் ஊர் வெயிலில் காயப்போடுங்கள். உடம்பை விட்டு வெளியே வந்த பூச்சி சில நாளுக்கு மேல் தாங்காது என்பதால், வீடு முழுக்க மருந்து அடிக்கத் தேவையில்லை.

தெருப் பூனைகளுக்கு

ஏலக்கூடத்துப் பூனைகளுக்கு மருந்து போடுவதென்றால் முதலில் சோறு வைக்கும் இடமும் நேரமும் மாறக் கூடாது. உப்பில்லாமல் அவித்த சூடை மீனைச் சோற்றில் பிசைந்து, அதே சுவர் ஓரம், அதே அந்தி நேரம். பழகிய பிறகு, தின்று கொண்டிருக்கும்போது முதுகைத் தடவுங்கள். தடவவிடும் பூனைக்கு அந்த நேரத்திலேயே பிடரியில் சொட்டு மருந்து போட்டுவிடலாம், தலையைக்கூட நிமிர்த்தாமல் தின்னும். தொடவிடாததைத் துரத்தாதீர்கள். பழைய வலையைப் போட்டுப் பிடிக்க நினைக்காதீர்கள். நரம்பு வலையில் சிக்கிய பூனை கால் அறுபட்டுப் போகும். கூண்டு கிடைத்தால் அதில் பிடித்து, கருத்தடைக்குக் கொண்டுபோகும் அன்றே மயக்கத்தில் காதையும் சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள். கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு காது நுனியை நேராக வெட்டியிருப்பார்கள், அதைப் புண் என்று எண்ணி மருந்து தடவ வேண்டியதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலக்கூடத்தில் கழிவு மீன் விழாது. பூனைகள் பசியோடு இருக்கும், சோறு வைத்தால் ஒன்று விடாமல் வரும். மூன்று வாரக் கணக்கில் மருந்து போட்டு முடிக்க அந்த இரண்டு மாதத்தைவிட நல்ல காலம் நமக்குக் கிடையாது. எந்தப் பூனைக்கு என்றைக்குப் போட்டோம் என்பதைக் கைபேசியில் படத்தோடு குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் ஏழு செவலைப் பூனை இருந்தால் நினைவை நம்ப முடியாது.

கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சின்னக் கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

மருந்து போட்டு நான்கு வாரம் கழித்து எல்லாப் பூனையின் காதையும் திரும்பப் பாருங்கள், கறுப்புக் காகிதத்தோடு. பழைய காய்ந்த அழுக்கு கொஞ்சம் இருக்கலாம். அதில் எதுவும் நகரவில்லை, பூனையும் உதறவில்லை என்றால் முடிந்தது. இன்னும் அரிப்பு இருந்தால் மருந்தை மாற்றி மாற்றிப் போடாமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள், உள்ளே பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ இருக்கலாம். அதற்குப் பிறகு யாராவது அட்டைப்பெட்டியில் புதுக் குட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தால், மற்ற பூனைகளோடு விடும் முன் தனி அறையில் வைத்து, மருத்துவரிடம் காதைக் காட்டிவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.